ஸ்பீக்கருக்கு ஓலை வாசித்த சங்கம்

கோலார் தங்கவயலில் தங்கம் தீர்ந்துபோயிற்று, சங்கம் தீரவில்லை. சுரங்கத்தை மூடி இத்தனை வருஷமாகியும் இங்கே ஒருவன் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு சங்கத்தின் மேல்தான் விழவேண்டும். ஓய்வு பெற்றோர் சங்கம், அதிலிருந்து கோபித்துக்கொண்டு விலகியோர் சங்கம், ரயில் பயணிகள் சங்கம், பழைய கால்பந்து ஆட்டக்காரர் சங்கம். எல்லாவற்றுக்கும் தலைவர் உண்டு, பொன்னாடை உண்டு. இவற்றோடு எனக்கு ஒரு தகராறும் கிடையாது. மனுஷன் சாயங்காலமானால் எங்கேயாவது போய் உட்கார வேண்டும்தானே. ஆனால் இங்கே நந்திதுர்க் சுரங்கப் பக்கம் ஒரு சங்கம் இருக்கிறது, அதன் பெயரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரியும். அது தங்கவயல் ஒலிநயச் சங்கம்.

இந்தச் சங்கத்தில் யாரும் பாட்டுக் கேட்பதில்லை. பாட்டுக் கேட்பது பாமரர் வேலை. இவர்கள் கேட்பது பாட்டு வருகிற பெட்டியை. ஒரு பாட்டின் முதல் வரி முடிவதற்குள் நிறுத்திவிட்டு அதைப் பற்றி அரைநாள் பேசுவார்கள். பல்லவியைத் தாண்டிச் சரணத்துக்குப் போன உறுப்பினரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. தலைவர் நெடுஞ்செழியன், சுரங்கத்தின் எலெக்ட்ரிகல் ஸ்டோரில் மேஜை போட்டு உட்கார்ந்து ரிட்டையரானவர். செயலாளர் திலீப், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இவர்கள் கையில் போய் விழுந்தவன்தான் நம் சைலஸ்.

சைலஸ் வீடு தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், சுரங்கத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டின பழைய லைன் வீடு. காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, இருட்டின பிறகு வந்து சேருகிறவன். மனைவி வின்னி. அப்பா ஏசுபாதம் சுரங்கப் பாதாளத்தில் பாறைக்குத் துளை போடுகிற டிரில் மிஷின் பிடித்தவர். டிரில்லும் வெடியும் சேர்ந்து அவருடைய வலது காதை வேலையில் இருக்கும்போதே வாங்கிக்கொண்டன. இடது காது இப்போது போய்க்கொண்டிருந்தது. காதில் செருகுகிற மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். அது கீச்சிட்டதே தவிர பேச்சைக் கொடுக்கவில்லை, கழற்றிப் பல்செட் டப்பாவில் போட்டுவிட்டார். காது டாக்டர் சைலஸைத் தனியாகக் கூப்பிட்டு, கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்கினால் பெரிசு, அவர் யார் குரலைக் கேட்க வேண்டுமோ இப்போதே கேட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்க வேண்டிய குரல் ஒன்றே ஒன்றுதான். சைலஸின் தங்கை ஸ்வீட்டி மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு வந்ததும் அவளுடைய ஃபோன் வரும். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். நைனா ஃபோனைக் காதில் அழுத்தி, நெற்றியைச் சுருக்கி, அவள் என்ன கேட்டிருப்பாள் என்று ஊகித்துப் பதில் சொல்வார். முட்டி வலி எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டால், கறி ஒரு கிலோ வாங்கினோம், எலும்புதான் ஜாஸ்தி என்பார். அவள் சிரித்துவிடுவாள். ஃபோனை வைத்த பிறகு அழுவாளாம், அதை வின்னியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வந்த காய்கறிகளின் ஏலம் நடந்தது. ஏசுபாதம் தற்செயலாகப் பெரிய சவுண்ட் பாக்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஏலம் விடுகிறவர் குரல் காதில் விழுந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு பூசணிக்காயைப் போட்டிபோட்டு ஏலம் எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். விஷயம் தெரிந்ததும் ஸ்வீட்டி சும்மா இருக்கவில்லை. தன் ஆஸ்பத்திரி டாக்டரின் பெங்களூர் வீட்டில் சும்மா நின்றிருந்த ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கரை வாங்கி, வேனில் ஏற்றிக் கோரமண்டலுக்கு அனுப்பிவிட்டாள். இடுப்பு உயரம், தேக்கு நிறம். ஒரு ஆம்ப்ளிஃபயர் மட்டும் வாங்கி நடுவில் வைத்து ஃபோனை அதில் மாட்டினால் நைனாவுக்கு நான் பேசுவது கேட்கும் என்றாள். அது ஈஸ்டர் முடிந்த வாரம்.

பக்கத்து வீட்டு கிறிஸ்டோ மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வின்னியிடம் சொல்லியிருந்தான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சைலஸும் தலையாட்டினான். ஆனால் விதி ரயில் பெட்டியில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தது. ஸ்பீக்கரின் பெயரைக் கேட்டதும் திலீப் எழுந்து நின்றுவிட்டான். மைக் செட்காரன் ஆம்ப்ளிஃபயர் என்றதும், பெற்ற பெண்ணைக் குடிகாரனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதுபோலப் பார்த்தான். ஒரு தடவை மாட்டினால் போதும், உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடும், பிறகு ஆண்டவனே வந்தாலும் அந்தக் குரல் திரும்பாது என்றான். பெட்டியில் நாலு பேர் சைலஸைத் திரும்பிப் பார்த்தார்கள். சைலஸ் அன்று சாயங்காலம் கிறிஸ்டோ வீட்டுக்குப் போகவில்லை. வின்னி கேட்டதற்கு, உனக்கு இதெல்லாம் தெரியாது என்றான். அவனுக்கும் தெரியாது என்பது அவனுக்கே தெரியும்.

சங்கக் கூட்டம் தலைவர் வீட்டு முன்ஹாலில் நடக்கும். செருப்பை வெளியே விடவேண்டும், சாவிக்கொத்தையும் வெளியே விடவேண்டும். சைலஸை நடுவில் நிற்க வைத்து, உங்கள் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று தலைவர் கேட்டார். சைலஸ் கையை இடுப்புக்கு நேராக வைத்து உயரத்தைக் காட்டினான். உறுப்பினர்கள் உச்சுக்கொட்டினார்கள். பின்னால் எட்டு ஓம் என்று போட்டிருக்கிறது என்று திலீப்தான் காப்பாற்றினான்.

"போட்டிருக்கிறதை நம்பிவிடுவதா?" என்றார் தலைவர். "கல்யாண விளம்பரத்தில் எல்லாரும்தான் நல்ல குடும்பம் என்று போடுகிறார்கள். தம்பி, ஸ்பீக்கர் மணமகள். ஆம்ப்ளிஃபயர் மணமகன். அவன் சக்தி குறைந்தால் இவள் வாய் திறக்கமாட்டாள். கூடினால் இவள் எரிந்துபோவாள். நான் முப்பது வருஷமாகப் பொருத்தம் பார்க்கிறேன். இதுவரை ஒரு ஜோடியைக்கூட அவசரப்பட்டுச் சேர்த்து வைத்ததில்லை." அவசரப்படாமலும் சேர்த்து வைத்ததில்லை என்பதை யாரும் சொல்லவில்லை.

பெண் பார்க்கும் படலம் அடுத்த வாரம் நடந்தது. சங்கம் மொத்தமாகக் கோரமண்டலுக்கு வந்து இறங்கியது. வீட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொரு மூலையிலும் நின்று கை தட்டிப் பார்த்தார்கள். திரைச்சீலையைக் கழற்றச் சொன்னார்கள், பிறகு மாட்டச் சொன்னார்கள். அரிசி டிரம் தாழ்ந்த ஒலியை விழுங்குகிறது என்று வெளியே உருட்டினார்கள். கட்டிலைத் திருப்பினார்கள். வின்னி எல்லாருக்கும் டீ கொடுத்தாள், டம்ளர் வைக்கிற சத்தம் கூட அளவாக இருக்கட்டும் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒலி வந்து கூடுகிற சரியான இடம் என்று சாக்பீஸால் தரையில் ஒரு வட்டம் போட்டார்கள். அந்த வட்டத்தில் ஏசுபாதத்தின் நாற்காலி இருந்தது. பெரியவர் உடம்பு உயர்ந்த ஒலியை உறிஞ்சுகிறது, அவரை வாசலில் உட்கார வைத்தால் அறை சுத்தமாக இருக்கும் என்று தலைவர் அபிப்பிராயப்பட்டார்.

புறப்படும்போது தலைவர் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து ஸ்பீக்கர் கம்பியில் கட்டினார். ஆட்கள் வேலையில், கரண்ட் கொடுக்காதே என்று எழுதின சுரங்கத்து அட்டை. தங்கவயலில் அந்த அட்டைக்கு என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஷாஃப்டில் ஆட்களை இறக்குகிற கேஜை நிறுத்திவிட்டு ஒருவன் ரிப்பேருக்கு இறங்கும்போது ஸ்விட்சில் தன் அட்டையை மாட்டிவிட்டு இறங்குவான். மாட்டினவன் கைதான் அதை எடுக்கவேண்டும். மேனேஜர் வந்தாலும் தொடமாட்டார், வெள்ளைக்காரன் காலத்திலும் தொட்டதில்லை. ஏனென்றால் அட்டைக்குக் கீழே ஒரு உயிர் இருக்கிறது. நெடுஞ்செழியன் ஒரு நாளும் கேஜில் கால் வைத்தவரில்லை. சுரங்கத்தை மூடினபோது ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். ஆனால் ஏசுபாதம் அட்டையைப் பார்த்தார், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால்கூட அந்தப் பக்கம் போகக்கூடாது என்றார்.

அதற்குப் பிறகு சங்கத்துக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஸ்பீக்கரில் வரப்போகிற குரல் எத்தகையது? தங்கை பேசி அனுப்பட்டும், ஆராய்வோம் என்றார்கள். ஸ்வீட்டி ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போதே பேசி அனுப்பினாள். "நைனா, சாப்ட்டீங்களா? நான் பேசறது இப்பவாச்சும் கேக்குதா? உங்க கொரலு என்க்கு கேட்டுகினே கீது, என் கொரலுதான் உங்களுக்கு வர்ல." இதைத் தலைவர் தன் சொந்த செட்டில் போட்டார். எல்லாரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். மறுபடி போட்டார்கள். 'சா' கொஞ்சம் கூர்மை, 'கேக்குதா'வில் நடு ஒலி மெலிவு, பஸ் சத்தம் இடது பக்கம் ஒதுங்கி நிற்பது நேர்த்தி என்று பேச்சு வளர்ந்தது. அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த அத்தனை பேரும் ஸ்வீட்டி நைனாவைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.  எழுந்துபோய் செட்டில் மாட்டியிருந்த ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடலாம் என்று சைலஸுக்குத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து தலைவர் அவன் பக்கம் திரும்பி, உங்களுக்கு என்ன கேட்கிறது என்று கேட்டார்.

"கொஞ்சம் குளிர்ச்சியா கீது சார்" என்றான் சைலஸ். ஏன் சொன்னான் என்று அவனுக்குத் தெரியாது.  தலைவர் எழுந்து அவன் தோளில் கை வைத்து, இப்படி ஒரு காது கோரமண்டலில் இத்தனை நாள் ஒளிந்திருந்ததா என்றார். அன்றே அவனை உறுப்பினராகச் சேர்த்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இங்கேதான் பையன் கெட்டான். கணக்கு எழுதுகிறவனை யாரும் தோளில் தட்டினதில்லை. ரயிலில் இப்போது அவனும் கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தான். வின்னி தாளித்தால், கடுகு வெடிப்பதில் ஆழம் போதவில்லை என்றான். வாரா வாரம் ஸ்வீட்டி ஃபோனில், இன்னா ஆச்சு அண்ணா என்று கேட்பாள். ஓலை போய்க்கொண்டிருக்கிறது என்பான்.

ஆமாம், ஓலைதான். சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்களே, தடை இருந்தால் சொல்லலாம் என்று, அதைச் சங்கம் பிடித்துக்கொண்டது. இன்ன ஆம்ப்ளிஃபயரை இன்ன ஸ்பீக்கருக்கு இணைக்க நிச்சயித்திருக்கிறோம் என்று மூன்று கூட்டத்தில் வாசிக்க வேண்டும். கூட்டம் மாசத்துக்கு ஒன்று. யாராவது தடை சொன்னால் முதலிலிருந்து வேறு மாப்பிள்ளை. முதல் ஆம்ப்ளிஃபயருக்கு வாட்ஸ் போதாது என்று ஒருவர் எழுந்தார். இரண்டாவதற்கு வாட்ஸ் மிஞ்சிவிட்டது என்று அதே ஆள் எழுந்தார். மூன்றாவது இரண்டு ஓலையைத் தாண்டிவிட்டது. மூன்றாம் கூட்டத்தில், இதன் முன்பக்கத்து விளக்கு நீல நிறம், தேக்கு நிற ஸ்பீக்கருக்கு ஒவ்வாது என்று ஒரு தடை வந்தது. அதைச் சொன்னது வேறு யாருமில்லை, சைலஸ். புது உறுப்பினர் ஏதாவது சொல்லவேண்டும் என்று எல்லாரும் பார்த்தார்கள், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். சபாஷ் என்றார் தலைவர். அவன் வீடு வரும் வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் நைனா, எப்பப்பா என்று கை ஜாடையில் கேட்டார். அடுத்த மாசம் என்று விரலைக் காட்டினான். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குளிக்கப் போனான்.

நாலாவது மாப்பிள்ளைக்கு முதல் ஓலை வாசித்த கையோடு தலைவர் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார். அட்டை கம்பியிலேயே தொங்கிற்று. அவர் இல்லாமல் அதை எடுக்க சங்க விதியில் இடமில்லை என்று திலீப் கையை விரித்தான். வின்னி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது பாதாளமா? நம்ம வூடு. அடியில யார் கீறாங்க சாவறதுக்கு? கிறிஸ்டோ ஆம்ப்ளிஃபயரை நானே போய் வாங்கியாரேன், வுடுங்க" என்றாள்.

ஏசுபாதத்துக்கு அவள் பேச்சுக் கேட்கவில்லை, கத்தரிக்கோல் தெரிந்தது. எழுந்து வந்து குறுக்கே நின்றார். "வேணாம்மா. போட்டவன்தான் எடுக்கணும். என்க்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார். வின்னி கணவனைப் பார்த்தாள். நைனாவே சொல்றார் இல்ல என்றான் சைலஸ். சொல்லும்போதே, கேவலம், அவர் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறேனே என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றி என்ன புண்ணியம்.

டிசம்பர் பிறந்தது. ஒருநாள் வின்னி, மாமா குக்கர் விசிலுக்குத் திரும்பவில்லை என்று வந்து சொன்னாள். விசில் மேல் ஒலி, அதுதான் முதலில் போகும், பேச்சுக்குரல் நடு ஒலி, அது இருக்கும் என்று சைலஸ் சங்கத்துப் பாடத்தை ஒப்பித்தான். அவள் அடுப்படிக்குப் போனாள். அவன் பின்னால் நின்று நைனா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். பயந்து, கூப்பிடவில்லை.

கிறிஸ்மஸ் முடிந்து, புது வருஷமும் பிறந்த பிறகு தலைவர் திரும்பினார். வந்த வேகத்தில், நான் இல்லாத மாசங்களில் யாரும் தடை சொல்லவில்லை என்பதால் ஓலை பூர்த்தியாயிற்று என்று தீர்ப்பளித்தார். ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சங்கம் மாலையோடு வந்து சேர்ந்தது. ஏசுபாதம் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, சாக்பீஸ் வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் அவர் ஒலியை உறிஞ்சலாம் என்று அனுமதித்தார்கள்.

தலைவர் தன் கையாலேயே சிவப்பு அட்டையை அவிழ்த்தார். ஏசுபாதம் அவருக்குக் கும்பிடு போட்டார். பிறகு சொற்பொழிவு. "சிலர் கேட்கிறார்கள், ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்க இத்தனை மாசமா என்று. அவர்களுக்கு நான் சொல்கிறேன். காது எல்லாருக்கும் இருக்கிறது. பொறுமை சிலருக்கே இருக்கிறது. இந்தச் சங்கம் காதுகளுக்காக ஏற்பட்டதல்ல, ஒலிக்காக ஏற்பட்டது. கேட்பவர் இன்று இருப்பார், நாளை இல்லை. ஒலி சரியாக இருக்கவேண்டும்." எல்லாரும் ஆமோதித்தார்கள். சைலஸ் தலை நிமிரவில்லை.

ஃபோனை மாட்டினார்கள். ஸ்வீட்டி பேசினாள். என்ன சொல்வது, எனக்கு அந்தச் சங்கத்தின் மேல் இருக்கும் கோபத்தையும் மீறிச் சொல்கிறேன், அற்புதமாக இருந்தது. அவள் அந்த அறையில் நிற்பதுபோல் இருந்தது. லைனில் நாலு வீடு தள்ளி இருப்பவர்கள்கூட ஸ்வீட்டி வந்துட்டாளா என்று எட்டிப் பார்த்தார்கள். "நைனா, அடுத்த மாசம் லீவு குடுத்துட்டாங்க. வரேன். உங்களுக்கு இன்னா வாங்கியாரட்டும்?" என்றாள்.

ஏசுபாதம் சுற்றிலும் பார்த்தார். எல்லார் முகத்திலும் சிரிப்பு இருந்தது.

"நல்லா கேக்குதும்மா" என்றார். "கணீர்னு கேக்குது."

சங்கம் கை தட்டியது. ஸ்வீட்டி அந்தப் பக்கம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது. வின்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். இன்னா வோணும், சொல்லுங்க நைனா, ஸ்வெட்டரா, வாட்ச்சா என்று ஸ்வீட்டி மறுபடி கேட்டாள். ஏசுபாதம் மெல்ல மகன் பக்கம் சாய்ந்தார். காதோடு காதாகச் சொல்வதாக நினைத்தார் பாவம். தன் குரல் தனக்கே கேட்காத மனுஷனுக்கு ரகசியம் எது, கூச்சல் எது.

"டேய் சைலஸு, கொழந்த இன்னா சொல்லுது? என்க்கு ஒண்ணும் கேக்கலடா. அவகிட்ட சொல்லிடாத, மனசு ஒடஞ்சிடும்."

அறை முழுக்கக் கேட்டது. ஃபோன் மேஜைமேல்தான் இருந்தது, மஸ்கட்டிலும் கேட்டிருக்கும். ஸ்பீக்கரிலிருந்து சத்தமே இல்லை. சைலஸ் ஃபோனை எடுக்கக் கை நீட்டினான். எடுத்தால் என்ன சொல்வது? ஈஸ்டர் முடிந்த வாரத்தில் பக்கத்து வீட்டுக்கு நாலு அடி நடந்திருந்தால் அவர் உன் குரலைக் கேட்டிருப்பார், எனக்குத் தோளில் தட்டுவதற்கு ஆள் கிடைத்ததால் நடக்கவில்லை என்றா? நீட்டின கை அப்படியே நின்றது.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை உயர்த்தினார். எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். "இந்த நிசப்தத்தைக் கவனியுங்கள்" என்றார் மெதுவாக. "துளி இரைச்சல் உண்டா? இதற்குப் பெயர்தான் பொருத்தம்."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டுவதைப் பார்த்து ஏசுபாதமும் தட்டினார்.